9 வயது மகளுக்கு வாரம் 20 மணி நேரம் ஜிம்னாஸ்டிக்ஸ்: சரி சொல்லலாமா?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது:

அவருடைய மகளுக்கு 9 வயது. தோழியின் பிறந்தநாள் விழாவுக்காக ஒரு ஜிம்முக்குப் போனவள், வீட்டுக்கு வர மாட்டேன் என்று அடம்பிடித்து அங்கேயே சேர்ந்தவள். இப்போது போட்டி அணியில், பத்து லெவல்களில் லெவல் 4. வாரத்தில் நான்கு நாள், மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி. கோடை முடிந்ததும் வாரம் ஐந்து நாள், 20 மணி நேரம் பயிற்சி பெறும் தனிக் குழுவுக்கு அவளை மாற்ற வேண்டும் என்கிறார் கோச். லெவல் 5-ஐ ஒரே பருவத்தில் முடித்து, 6-ஐத் தாண்டி நேராக 7-க்குப் போய்விடலாமாம். பள்ளி நேரம் இடித்தால் ஹோம்ஸ்கூலிங் பற்றி யோசிக்கச் சொல்கிறார். பதில் சொல்ல இரண்டு வாரம் அவகாசம்.

இரண்டு மாதமாக வலது மணிக்கட்டில் வலி. "எல்லாருக்கும் வரும், டேப் சுற்றிக்கொள்ளட்டும்" என்றார் கோச். பயிற்சிக்கு முன் ஐபுப்ரோஃபென் கொடுத்து அனுப்புகிறார் அம்மா. பீம் என்ற ஒடுங்கிய உயரக் கட்டையில் பின்பக்கமாக வளைந்து எழும் பேக் வாக்ஓவரை நன்றாகச் செய்துகொண்டிருந்தவளுக்குத் திடீரென அது வரவில்லை. ஒருநாள் மாலை, செய்யும்வரை இறங்கக் கூடாது என்று 40 நிமிடம் பீம் மேலேயே நிற்க வைத்திருக்கிறார்கள். மாதத்தின் முதல் வாரம் மட்டுமே பெற்றோர் உள்ளே பார்க்கலாம் என்பதால், மகள் இரவில் சொன்ன பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. இப்போதெல்லாம் பயிற்சி நாள்களில் வயிற்றுவலி என்கிறாள். "சாதம் கார்ப்ஸ்" என்று தட்டைத் தள்ளுகிறாள்.

கணவருக்குக் கல்லூரி ஸ்காலர்ஷிப் கனவு. பீமில் அந்த வாக்ஓவரைச் செய்துவிட்டால் நின்டென்டோ வீடியோ கேம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மதுரையிலிருந்து பாட்டி ஞாயிறுதோறும் வீடியோ காலில், "குட்டையா நின்னுடுவா, காலாகாலத்துல வயசுக்கும் வரமாட்டா, நிறுத்துடி" என்கிறார். நிறுத்தலாமா என்று கேட்டால் மகள் அழுகிறாள். "நான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா? நிறுத்தவா, தொடர விடவா? அவளிடம் எப்படிப் பேசுவது?" என்று கேட்கிறார் அந்தத் தாய்.

அன்புள்ள சகோதரிக்கு,

மணிக்கட்டு வலியை உங்கள் கடிதத்தின் நடுவில், அடைப்புக்குறிக்குள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். குழந்தைகள் மருத்துவனாக நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 20 மணி நேரமா, ஹோம்ஸ்கூலிங்கா, ஸ்காலர்ஷிப்பா என்பதெல்லாம் இரண்டு வாரம் பொறுக்கும். இது பொறுக்காது.

முதலில் அந்தக் கை

வளரும் குழந்தையின் எலும்பு முனைகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கும். எலும்பு நீள்வது அங்கேதான். முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் ரேடியஸ் எலும்பின் வளர்ச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்கு, மணிக்கட்டை ஒட்டிய தட்டில்தான் நடக்கிறது. எடையைத் தாங்கக் கால் இருக்கிறது. கை அதற்கென்று அமைந்ததல்ல. ஜிம்னாஸ்டிக்ஸில் அந்தக் கையே காலாகிறது. பின்பக்கமாகத் தாவிக் கை ஊன்றி எழும் ஒரு பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங்கில் மணிக்கட்டில் இறங்கும் சுமை உடல் எடையின் இரண்டு மடங்கைத் தாண்டும். இதையே நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்யும்போது அந்தத் தட்டு நைந்து அகன்றுவிடுகிறது. மருத்துவர்கள் இதை 'ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு' என்றே அழைக்கிறார்கள். வீக்கம் பெரும்பாலும் தெரியாது. கையை ஊன்றினால் வலிக்கும், ஓய்வெடுத்தால் அடங்கும். அடங்கிவிடுவதால்தான் பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள்.

எல்லாருக்கும் வரும் என்று கோச் சொன்னது பொய்யில்லை, பரவலாக வருவதுதான். ஆனால் கவனிக்காமல் விட்டால் ரேடியஸின் தட்டு காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளும். பக்கத்திலிருக்கும் அல்னா எலும்பு மட்டும் வளர்ந்துகொண்டே போகும். இரண்டின் நீளமும் ஒவ்வாமல் போய், பெரியவளான பிறகும் மணிக்கட்டு வலி தொடரலாம். அறுவைச் சிகிச்சை வரைக்கும் போன பிள்ளைகள் உண்டு.

அதனால் ஐபுப்ரோஃபெனை இன்றே நிறுத்துங்கள். போட்டு அனுப்பினால் வலி மறையும், சேதம் மறையாது. எப்போது நிறுத்த வேண்டும் என்று அவளுக்குச் சொல்வது அந்த வலிதான், அதுவும் இல்லாமல் போகும். கையை ஊன்றும் எல்லாப் பயிற்சியும் டாக்டர் பார்க்கும்வரை வேண்டாம். பொது மருத்துவரோடு நிற்காமல் குழந்தைகளுக்கான விளையாட்டு மருத்துவரிடமோ எலும்பு மருத்துவரிடமோ காட்டுங்கள். இரண்டு கைகளையும் ஒப்பிட்டு எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆரம்பக் கட்டத்தில் எக்ஸ்-ரே சுத்தமாக வருவதுண்டு. வலி இருந்து எக்ஸ்-ரே சரியாக இருந்தால், எம்ஆர்ஐ தேவையா என்பதையும் கேட்டுவிடுங்கள். குணமாகப் பொதுவாக ஆறு வாரமாவது ஆகும். எக்ஸ்-ரேயில் மாற்றம் தெரிந்தால் மூன்று மாதமோ அதற்கு மேலோ.

மூன்று மாதமா என்று மலைக்காதீர்கள். கை ஊன்றாமலே செய்ய ஜிம்மில் எவ்வளவோ இருக்கிறது: தாவல்கள், ஸ்ப்ளிட், வயிறு முதுகுக்கான வலுப் பயிற்சி, பீமில் நடை, திருப்பம், நடன அசைவுகள். டாக்டரின் கடிதத்தைப் பார்த்ததும் "சரி, அதுவரைக்கும் இதெல்லாம் செய்யலாம்" என்று பட்டியல் போட்டுத் தரும் கோச் நல்ல கோச். "இதுக்கெல்லாம் டாக்டரா?" என்று முகம் சுளிப்பவரிடம் 12 மணி நேரம்கூட அதிகம்.

20 மணி நேரக் கணக்கு

ஒரு விளையாட்டில் குழந்தை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி எடுக்கலாம் என்பதற்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கைக்கொள்ளும் எளிய அளவு ஒன்று உண்டு: வயது எத்தனையோ அத்தனை மணி நேரம், அதைத் தாண்ட வேண்டாம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வும் வேண்டும். விளையாட்டு மருத்துவர் நீரு ஜெயந்தியின் குழு சிகாகோ பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் வீரர்களைப் பார்த்து 2015-இல் வெளியிட்ட ஆய்வும், வயதைவிட அதிக மணி நேரம் பயிற்சி எடுத்தவர்களுக்கே கடுமையான தேய்மானக் காயங்கள் கூடுதலாக வந்ததைக் காட்டியது. உங்கள் மகள் ஏற்கெனவே மூன்று மணி நேரம் கூடுதலாகத்தான் இருக்கிறாள்.

இது சட்டமல்ல. இந்த அளவுக்குள் நிற்கும் போட்டி ஜிம்களும் மிகக் குறைவு. வலியில்லாமல், நன்றாகத் தூங்கி, சிரித்துக்கொண்டே போகிற 9 வயதுக் குழந்தை 12 மணி நேரம் போனால் நான் சண்டைக்கு வரமாட்டேன். மணிக்கட்டு வலியோடும் வயிற்றுவலியோடும் இருக்கிற குழந்தைக்கு 20 மணி நேரம் என்றால், வேண்டாம் என்பதே என் பதில். இந்த வயதில் இரவுத் தூக்கம் 9 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இரவு எட்டரைக்கு வீடு திரும்பி, சாப்பிட்டு, ஹோம்வொர்க் முடித்து, காலை ஆறரைக்கு எழுவது வாரம் ஐந்து நாள் நடக்கிற காரியமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"இப்போது விட்டால் வயது போய்விடும்" என்று கோச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதில் பாதி உண்மை. உடல் சிறியதாக இருக்கும்போது சில வித்தைகள் சுலபமாக வரும். அது அவருக்குத் தெரியும். ஆனால் சர்வதேசப் போட்டிகளில் பெண்கள் மூத்தோர் பிரிவில் ஆட, அந்த ஆண்டில் 16 வயது ஆக வேண்டும் என்ற விதி 1997 முதல் இருக்கிறது. உங்கள் மகளுக்கு அதற்கு இன்னும் ஏழு ஆண்டு. அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்துத் தரும் ஆல்-அரவுண்ட் தங்கம் வாங்கியபோது வயது 27. அதே ஆண்டில் நம் தீபா கர்மாகர் தாஷ்கண்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பில், ஓடிவந்து கை ஊன்றித் தாவும் வால்ட்டில் தங்கம் வாங்கினார், 30 வயதில். உஸ்பெகிஸ்தானின் ஒக்ஸானா சுசோவிதினா டோக்கியோவில் தன் எட்டாவது ஒலிம்பிக்கில் இறங்கியபோது 46. எல்லாருமே அபூர்வப் பிறவிகள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 9 வயதில் ரயிலைத் தவறவிட்டவர்கள் யாரும் இல்லை. லெவல் 5-இல் இரண்டு பருவம் இருப்பது வகுப்பில் ஃபெயிலாவது மாதிரியும் இல்லை. நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஹோம்ஸ்கூலிங் இந்த வயதில் எதற்கு? காயம் பட்டு மூன்று மாதம் ஜிம்முக்குப் போக முடியாமல் போனால், பள்ளியும் இல்லாத குழந்தைக்குத் தோழிகள் எங்கிருந்து வருவார்கள்? இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

பீம் பயம் சோம்பேறித்தனம் அல்ல

பீமின் அகலம் 10 சென்டிமீட்டர், உயரம் 125. அதன் மேல் நின்று, இறங்கும் இடம் கண்ணில் படாமல் பின்பக்கமாக வளைய வேண்டும். இதுவரை செய்துவந்த வித்தை ஒரே நாளில் வராமல் போவது இந்த விளையாட்டில் சகஜம். உயரம் கொஞ்சம் கூடியிருக்கலாம், ஒருமுறை வழுக்கியிருக்கலாம், தோழி விழுந்ததைப் பார்த்திருக்கலாம். உங்கள் மகள் விஷயத்தில் எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு: கையை ஊன்றினால் வலிக்கும் என்று உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் மறுக்கிறது.

டோக்கியோவில் பைல்ஸுக்கு என்ன ஆனது என்று நினைவிருக்கும். சுழலும்போது காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல்போய், ஒரே ஒரு வால்ட்டோடு அணி இறுதிப் போட்டியிலிருந்து விலகினார். ஒரு வாரம் கழித்து பீமில் மட்டும் இறங்கி வெண்கலம் வாங்கினார். எல்லாரும் அந்த வெண்கலத்தைத்தான் பேசுகிறார்கள். நான் பெற்றோரிடம் சொல்வது வேறு: இறங்கும்போது செய்யும் டிஸ்மவுண்டில் உடலைப் பக்கவாட்டில் திருகும் ட்விஸ்ட்டை எடுத்துவிட்டு, அது இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டார். உலகத்திலேயே சிறந்தவருக்கே ஒரு படி இறங்கத்தான் வழி கிடைத்தது. உங்கள் மகளுக்கும் அதுதான் வழி. கை குணமான பிறகு தரையில் வரைந்த கோட்டில், பிறகு தரையோடு கிடக்கும் தாழ்ந்த பீமில், பிறகு பாய்களை அடுக்கி, கோச் கை கொடுத்து, கடைசியில் உயரத்தில். வாரக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.

40 நிமிடம் நிற்க வைத்ததை நான் பயிற்சி என்று சொல்லமாட்டேன். அது தண்டனை, ஆபத்தான தண்டனையும்கூட. கால் சோர்ந்து, அழுது, பிறகு கட்டாயத்தில் செய்யும்போதுதான் விழுவார்கள்.

நின்டென்டோ வாக்குறுதியைக் கணவர் திரும்பப் பெறட்டும். "அதுக்கும் பீமுக்கும் சம்பந்தமில்லை, பிறந்தநாளுக்கு வாங்கித் தர்றேன்" என்று சொன்னால் போதும். இப்போது அவள் பயப்படும் ஒவ்வொரு தடவையும் ஜிம்மில் கோச்சின் மெச்சுதலையும் இழக்கிறாள், வீட்டில் பொம்மையையும் இழக்கிறாள்.

மூடிய கதவும் உங்கள் உரிமையும்

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காக 2018 ஜனவரியில் 40 முதல் 175 ஆண்டு வரை சிறைத்தண்டனை பெற்றார். 150-க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் எழுந்து பேசினார்கள். அடுத்த மாதமே வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, இத்தகைய விளையாட்டு அமைப்புகளில் குழந்தைகளோடு பழகும் கோச் போன்ற பெரியவர்கள் துன்புறுத்தல் சந்தேகம் எழுந்தால் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்தாக வேண்டும். விளையாட்டில் குழந்தைகளைத் துன்புறுத்தலிலிருந்து காக்கும் சேஃப்ஸ்போர்ட் விதிகளின்படி, கோச்சும் குழந்தையும் தனித்திருப்பது இன்னொரு பெரியவர் பார்க்கவும் குறுக்கிடவும் முடிகிற இடத்தில்தான் இருக்க வேண்டும். தனி வகுப்பு என்றால் அதைப் பார்க்கப் பெற்றோரை அனுமதித்தே ஆக வேண்டும். பெற்றோரைச் சேர்க்காமல் கோச் குழந்தைக்குத் தனியாக மெசேஜ் அனுப்பக் கூடாது.

குழுப் பயிற்சியை மாதத்தில் ஒரு வாரம் மட்டும் பார்க்கலாம் என்பதை மட்டும் வைத்து அந்த ஜிம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சைகையால் திருத்தும் அப்பாக்களால் நொந்துபோன ஜிம்கள் நிறைய. ஆனால் நீங்கள் காரணம் சொல்லி, முன்னறிவிப்பின்றி வந்து பார்க்க வேண்டும் என்று கேட்கும்போது மறுத்தால், அங்கே இருக்க வேண்டாம்.

நேரில் பார்ப்பதையே முழுப் பாதுகாப்பாக நினைத்துவிடாதீர்கள். நாசரைப் பற்றி முதலில் வெளிப்படையாகப் பேசிய ரேச்சல் டென்ஹாலண்டரின் தாய், அந்தக் கொடுமை நடந்தபோது அதே அறையில்தான் இருந்தார். அவர் பார்வையை மறைத்துக்கொண்டே செய்திருக்கிறான். உங்கள் மகள் இரவில் வந்து சொன்னாளே, அதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம். அவள் சொல்வதைக் கேட்டுக் கொதித்தெழுந்தால் அடுத்த தடவை சொல்லமாட்டாள். "உனக்கு என்ன ஆச்சு?" என்பதைவிட "இன்னிக்கு ஜிம்ல யாராவது அழுதாங்களா?" என்று கேளுங்கள். மற்றவர்களைப் பற்றிப் பிள்ளைகள் தாராளமாகப் பேசுவார்கள்.

பிரிட்டனில் ஜிம்னாஸ்டிக்ஸ் துன்புறுத்தல்களை விசாரித்து 2022 ஜூனில் வெளியான வைட் அறிக்கைக்கு 400-க்கும் மேற்பட்டவர்கள் தங்கள் அனுபவத்தை அனுப்பினார்கள். எடையைச் சொல்லி அவமானப்படுத்துவது, காயத்தோடு ஆட வைப்பது, பயந்த குழந்தையைத் தண்டிப்பது என்று அன்றாடம் நடந்தவையே அதில் மிகுதி. உங்கள் கடிதத்தில் இந்த மூன்றின் சாயலும் தெரிகிறது. கோச் தரப்பை நான் கேட்கவில்லை, அதனால் தீர்ப்புச் சொல்லவில்லை. முதலில் நடந்ததைத் தேதியோடு மின்னஞ்சலில் எழுதி, இது மீண்டும் நடக்காது என்று ஜிம் உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மறுபடி நடந்தால் யுஎஸ்ஏ ஜிம்னாஸ்டிக்ஸின் சேஃப் ஸ்போர்ட் பிரிவுக்கோ, அமெரிக்க சேஃப்ஸ்போர்ட் மையத்துக்கோ புகார் செய்யலாம். பெயர் சொல்லாமலும் செய்யலாம். தடை செய்யப்பட்டவர்களின் பட்டியலை இரண்டு அமைப்புகளுமே இணையத்தில் வைத்திருக்கின்றன; எந்த ஜிம்மில் சேர்ப்பதற்கு முன்பும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பாட்டியின் பயமும் சாதமும்

ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகள் குட்டையாக இருப்பதற்குக் காரணம், குட்டையான பிள்ளைகள் அதில் நிலைப்பதும் உயரமானவர்கள் விலகுவதும்தான். பயிற்சியால் வளர்ந்தபின் உயரம் குறைவதற்குச் சான்றில்லை என்று 2013-இல் வெளியான விரிவான மருத்துவ மதிப்பாய்வு சொல்கிறது. பூப்பெய்துவது சற்றுத் தள்ளிப்போவது உண்டு. 15 வயதாகியும் ஆகவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று பாட்டியிடம் சொல்லுங்கள். அடுத்த செக்கப்பில் வளர்ச்சி வரைபடத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள்.

ஆனால் பாட்டி வேறொன்றில் சரி. உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லையென்றால் எலும்பும் வளர்ச்சியும் மாதவிலக்கும் சேர்ந்தே பாதிக்கும். ஒலிம்பிக் கமிட்டி 2014 முதல் இதை எச்சரித்துவருகிறது. மூன்று மணி நேரம் தாவுகிற பிள்ளைக்கு மாவுச்சத்துதான் எரிபொருள். பயிற்சிக்கு ஒன்றரை மணி நேரம் முன் இட்லியோ சாதமோ, திரும்பி வந்ததும் தயிர்சாதமும் பருப்பும். "கார்ப்ஸ்" என்ற சொல் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று மெல்லக் கண்டுபிடியுங்கள். கோச்சிடமிருந்து என்றால், என் மகளிடம் சாப்பாடு, எடை இரண்டைப் பற்றியும் பேச வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள். டாக்டரைப் பார்க்கும்போது வைட்டமின் டி, இரும்புச்சத்து அளவுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். எடைக் கோடு கீழே சரிந்திருந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

கணவருக்கு ஒரு பத்தி

கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி வைத்திருக்கும் கல்லூரிகள் நாடு முழுக்க அறுபது சொச்சம்தான். நீண்ட காலமாக ஒரு அணிக்கு 12 முழு ஸ்காலர்ஷிப் என்று இருந்தது. 2025-இல் விதி மாறி, புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் அணிக்கு 20 பேர் என்று வரம்பு வந்திருக்கிறது. அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் லெவல் 10-ஐத் தொட்டவர்கள். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 வரை கல்லூரிக் கோச்சுகள் பிள்ளைகளிடம் இதைப் பற்றிப் பேசவே கூடாது. மாதக் கட்டணம், லியோடார்ட், போட்டிக் கட்டணம், விமானம், ஹோட்டல் எல்லாவற்றையும் கூட்டி அதைக் கல்லூரிப் படிப்புக்கான 529 சேமிப்புக் கணக்கில் போட்டால் என்ன வரும் என்று அவரே எக்ஸெலில் போட்டுப் பார்க்கட்டும். பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காகச் செலவு செய்வது நல்ல செலவு. முதலீடாக நினைத்தால் நட்டம்.

இனி என்ன?

நிறுத்தச் சொல்லமாட்டேன். விடுமுறை நாளிலும் கூடத்தில் கரணம் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆசை உண்மையானது. என் தேர்வு இது: கை குணமான பிறகு இப்போதைய 12 மணி நேரக் குழுவிலேயே ஒரு பருவம். இருபதுக்கு வராவிட்டால் இடமில்லை என்று கோச் சொன்னால் வேறு ஜிம். அதுவும் அமையாவிட்டால் லெவல்களுக்கு வெளியே நடக்கும் எக்ஸெல் (Xcel) போட்டிப் பிரிவு. அதில் பயிற்சி நேரம் குறைவு, போட்டிகளும் உண்டு, உங்கள் கணவர் நினைப்பதுபோல் அது இரண்டாந்தரமும் அல்ல.

கோச்சுக்கு இன்றே எழுதுங்கள்: "மணிக்கட்டை டாக்டரிடம் காட்டுகிறோம். அறிக்கை வரும்வரை கை ஊன்றும் பயிற்சி வேண்டாம். குழு மாற்றத்தைப் பற்றி அதற்குப் பிறகு நாங்கள் முடிவு சொல்கிறோம்." இரண்டு வாரக் கெடு அவர் வைத்தது, உங்களைக் கட்டுப்படுத்தாது. அவருக்குத் தெரிந்தது ஜிம்னாஸ்டிக்ஸ். குழந்தையைப் பற்றிய முடிவு உங்கள் இருவருடையது.

மகளிடம் "நிறுத்தலாமா?" என்று இனிக் கேட்காதீர்கள். 9 வயதுக் குழந்தையின் தலையில் வைக்கிற கேள்வி அல்ல அது. அவள் அழுவது தோழிகளை இழந்துவிடுவோமோ என்ற பயத்தினாலும் இருக்கலாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "ஜிம் எங்கேயும் போகலடா. கை சரியாகுறவரைக்கும் காலை வெச்சுப் பண்றதெல்லாம் பண்ணு. அஞ்சு நாள் குரூப் இந்த வருஷம் வேணாம்னு அம்மாவும் அப்பாவும் முடிவு பண்ணிட்டோம். கோபம் வந்தா எங்க மேல கோபப்படு." கோபப்படுவாள். இரண்டு நாள் பேசாமலும் இருப்பாள். அந்த இரண்டு நாளில் மனம் மாறிவிடாதீர்கள்.

எக்ஸ்-ரே அறிக்கை வந்ததும், டாக்டர் எத்தனை வாரம் ஓய்வு சொன்னார் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். திரும்ப எந்த வரிசையில் கை ஊன்றத் தொடங்கலாம் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.